எந்தக் கை என்று எழுதினவள்

என் தம்பிக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் ஆண், ஆறு வருடம் கழித்துப் பிறந்தவள் பெண். தம்பி மனைவி வேறு யாருமில்லை, என் கணவரின் சித்தப்பா மகள்தான். அதனால் அந்தப் பிள்ளைகளுக்கு நான் அப்பா வழியில் வந்தாலும் அத்தை, அம்மா வழியில் சுற்றி வந்தாலும் அத்தை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவர் பக்கம் மட்டும் நிற்க எனக்கு வழியில்லாமல் போயிற்று.

இளையவளை வீட்டில் வாத்திச்சி என்று கூப்பிடுவோம். நாலு வயதிலேயே என் வீட்டுக்கு வந்தால் செருப்புகளை எல்லாம் சுவரோரம் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்து, அதற்குத் தானே "உள்ளேன் டீச்சர்" சொல்லுவாள். என் கணவரின் செருப்பு எப்போதும் "வரல டீச்சர்". அவர் வெளியே போயிருப்பார்.

தம்பியும் அவன் மனைவியும் ஒன்றரை வருட இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். வாத்திச்சி அண்ணன் வீட்டில் தங்கினாள். அவளுக்கு ஒரு கல்யாணம் கூடி வந்து கலைந்தது. அதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை, நானும் கிளறியதில்லை. அவள் அண்ணி தையல் ஆலைக்கு வேலைக்குப் போனாள். அண்ணன் பெண்ணைப் பிறந்த நாள் முதல் மூன்று வயது வரை வளர்த்தது வாத்திச்சிதான். அந்தப் பிள்ளைக்கு முன்பல் இரண்டும் மற்றதெல்லாம் முளைக்கும் முன்னே முளைத்து நின்றதால் எலிக்குட்டி என்று பெயராகிவிட்டது.

எலிக்குட்டியை மழலையர் பள்ளியில் சேர்க்கப் போன இடத்தில்தான் பயிற்சி ஆசிரியை வேண்டும் என்று ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். ஒரு வருடப் பயிற்சி. கடைசியில் மதிப்பீடு செய்ய வெளியிலிருந்து ஒரு அம்மா வருவார். அவர் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் அங்கேயே சின்னப் பிள்ளைகள் அறைக்கு ஆசிரியை. அது நடந்தால் அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பதை விட்டுத் தனியாக ஒரு அறை பிடிக்கலாம். முப்பத்திரண்டு வயதில் அவள் ஆசைப்பட்டது அந்த ஒரு கதவுக்குத்தான். தானே சாத்தி, தானே திறக்கிற கதவு.

அண்ணன் கேட்டான், "பீ துடைக்கிறதுக்கு ஒரு வருஷம் படிப்பா?"

"உங்களுக்குத் துடைச்சவங்க படிக்காமதான் துடைச்சாங்க. அதான் இப்படி வளர்ந்திருக்கீங்க" என்றாள்.

அவனுக்குத் துடைத்துவிட்டதில் நானும் உண்டு. அந்தப் பேச்சுக்கு நான் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை.

வேலை சுலபமில்லை. அங்கே நாற்காலி எல்லாம் முழங்கால் உயரம், கைகழுவும் தொட்டி இடுப்புக்குக் கீழே, கழிப்பறைக் கோப்பை ஒரு சாண் உயரம். நாள் பூராவும் குனிந்த முதுகு. முன்பக்கம் பை வைத்த ஏப்ரன் ஒன்று கொடுத்திருந்தார்கள். அந்தப் பையில் மாலையில் என்னவெல்லாம் இருக்கும் என்று கொட்டிக் காட்டுவாள். மூக்குத் துடைத்த காகிதம், உடைந்த கலர் பென்சில், யாரோ பத்திரமாக வைக்கச் சொன்ன செத்த வண்டு.

முதல் மாதம் முழுக்கச் செய்யக்கூடாததைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நின்றுகொண்டு பேசாதே, உட்கார்ந்து கண்ணுக்கு நேராகப் பேசு. அழுகிற பிள்ளையிடம் "ஒண்ணுமில்ல" என்று சொல்லாதே, அதற்கு ஏதோ இருப்பதால்தான் அழுகிறது. கையைப் பிடித்துத் தூக்காதே, இழுக்காதே, அக்குளுக்குக் கீழே கை கொடு. பிள்ளையை அனுப்பும்போது யார் வந்தாலும், யாரோடு அனுப்பலாம் என்று வீட்டார் பெயர் எழுதிக் கொடுத்த அட்டையைப் பார். அதில் பெயர் இல்லாதவர் ராஜாவாக இருந்தாலும் வெளியே நிற்கட்டும், பிள்ளை உள்ளே இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது குறிப்பு எழுதுவது. தினம் ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் பார்த்து எழுத வேண்டும். கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும், மனதில் பட்டதை எழுதக்கூடாது. முதல் வாரம் அவள் "பிள்ளை சோகமாக இருந்தது" என்று எழுதிக்கொண்டு போனாள். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை, பிள்ளைகள் வாயில் பெரிய மிஸ், சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

"சோகத்தை நீ பாத்தியா? எங்க இருந்துச்சு, மேசை மேலயா?"

"இல்ல மிஸ்."

"என்ன பாத்த?"

"கதவைப் பாத்துட்டு உக்காந்திருந்தான். கட்டையை எடுக்கவே இல்ல."

"அதை எழுது. எந்தக் கதவு, எவ்வளவு நேரம், எந்தக் கையில என்ன. படிக்கிறவங்க சோகத்தை அவங்களே கண்டுபிடிச்சுக்குவாங்க."

அந்தப் பாடம் அவளுக்கு எலும்பு வரை இறங்கிவிட்டது. என் வீட்டுக்கு வந்தாலும் அதே பார்வைதான். "அத்தை, நீங்க டம்ளரை இப்பல்லாம் ரெண்டு கையால பிடிக்கிறீங்க" என்பாள். எனக்கே அப்போதுதான் தெரியும். அவள் குறிப்பேட்டைப் பெரிய மிஸ் மற்றப் பயிற்சிக்காரர்களிடம் காட்டி இப்படி எழுதுங்கள் என்று சொன்னாராம். அதை என்னிடம் சொல்லும்போது வாத்திச்சிக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

நாலாவது மாதம் அண்ணி வீட்டை விட்டுப் போனாள். அண்ணன் கை நீட்டுகிறவன். என் தம்பி மகன்தான், தூக்கி வளர்த்தவள்தான் நான், இருந்தாலும் உள்ளதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கோபம் வந்தால் முதலில் தட்டு பறக்கும், அப்புறம் கை. அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளியை மட்டும் மாற்றவில்லை. அங்கே வாத்திச்சி இருக்கிறாளே என்ற தைரியம்.

அண்ணி அட்டையில் இரண்டே பெயர் எழுதிக் கொடுத்தாள். தன் பெயர், தன் அக்காள் பெயர். அப்பா இருந்த இடத்தில் கோடு. பெரிய மிஸ் வாத்திச்சியைக் கூப்பிட்டுச் சொன்னார், "உன் அண்ணன் பிள்ளை இனி உன் அறையில வேண்டாம். பக்கத்து அறைக்கு மாத்திடறேன். இங்க நடக்கறதை வீட்டுல பேசாத. வீட்டுல நடக்கறதை இங்க கொண்டு வராத. முடியுமா?"

"முடியும் மிஸ்."

முடியும் என்று சொல்லிவிட்டாள். சாப்பிடுவதும் படுப்பதும் அண்ணன் வீட்டில். ஒவ்வொரு மாலையும் அவன் கேட்பான், "என் பொண்ணு என்ன சாப்பிட்டா? என்னைக் கேட்டாளா?"

"நல்லா இருக்கா அண்ணா."

"அதையே எத்தனை நாளைக்குச் சொல்லுவ? கிளிப்பிள்ளையா நீ?"

"நல்லா இருக்கா."

ஒரு நாள் தட்டு பறந்தது. தட்டைப் பொறுக்கி வைத்துவிட்டுக் குறிப்பேட்டை எடுத்து உட்கார்ந்தாள். இன்னும் ஏழு மாதம், ஆறு மாதம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள் என்று பின்னால் சொன்னாள்.

எலிக்குட்டி பக்கத்து அறையிலிருந்து சன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கேட்பாளாம், "மிஸ் அத்தை, நீங்க எப்ப பெரிய மிஸ் ஆவீங்க?"

"இன்னும் மூணு வாரத்துல மிஸ் ஆவேன்."

"இப்ப மிஸ் இல்லையா?"

"இப்ப பாதி மிஸ்."

"எந்தப் பாதி?"

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த மூன்று வாரம் பாக்கி இருக்கும்போதுதான் நடந்தது.

முந்தின நாள் அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். காலைக் கட்டிக்கொள்ளாத குறையாக அழுதான். "அத்தை, ஏழு மாசமாச்சு. தூர நின்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன். அவகிட்ட நீங்க சொல்லுங்க. உங்க பேச்சைத் தட்டமாட்டா." நாற்பதை நெருங்குகிற ஆண்பிள்ளை குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. மறுநாள் காலையில் வாத்திச்சிக்குப் போன் செய்தேன்.

"அத்தை, அட்டையில அவரு பேரு இல்ல."

"அட்டைக்கென்னடி தெரியும்? பெத்தவன். வாசல்ல நின்னு முகத்தைப் பாத்துட்டுப் போகப்போறான். உன் சோத்துல மண்ணா விழப்போகுது?"

போனில் அவளுக்குப் பின்னால் குழந்தைகள் ஏதோ பாடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அப்புறம் "சரி அத்தை" என்றாள். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. கேட்டவர்கள்தான் குறைவு.

பிள்ளைகளை அனுப்புவது பன்னிரண்டரைக்கு. பன்னிரண்டு இருபதுக்கு அவன் வந்து இரும்புக் கதவுக்கு வெளியே நின்றான். பெரிய மிஸ் உள்ளே வேறொரு பிள்ளையின் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். வாத்திச்சி பக்கத்து அறைக்குப் போய், எலிக்குட்டியைக் கழிப்பறைக்கு அழைத்துப்போவதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பதினொரு மாதத்தில் அவள் அங்கே சொன்ன ஒரே பொய் அது. கதவை ஒரு ஆள் நுழையாத அளவுக்குத் திறந்தாள்.

"அப்பா!" என்று பிள்ளை ஓடியது. அவன் குனிந்து அதன் வலது கையைப் பிடித்தான்.

"பாத்தாச்சில்ல அண்ணா, விடுங்க. மணியாகுது."

"இரு, கடை வரைக்கும் போய் ஒரு மிட்டாய் வாங்கிக் குடுத்துட்டு வந்துடறேன்."

"அண்ணா, அதெல்லாம் கூடாது."

"கூடாதா? யாரைப் பாத்துடி கூடாதுங்கற? என் வீட்டுல தின்னுட்டு எனக்கே சட்டம் சொல்றியா?"

சொல்லிக்கொண்டே நடக்கத் தொடங்கிவிட்டான். நடை வேகமானது. மூலையில் ஒரு வண்டி நிற்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். கதவு திறந்தே நின்றது அந்த வண்டிக்கு. ஓடிப்போய்ப் பிள்ளையின் இடது கையைப் பிடித்துவிட்டாள். அவன் அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம். "விடுங்க" என்றாள். "நீ விடு" என்றான். பிள்ளை முதலில் சிரித்தது. விளையாட்டு என்று நினைத்திருக்கும். பிறகு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. குச்சி ஐஸ் குச்சியை விரலால் சொடுக்கினது போல என்றாள் வாத்திச்சி.

இரண்டு பேரும் ஒன்றாகக் கையை விட்டார்கள். எலிக்குட்டி தரையில் உட்கார்ந்து, இடது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தது. அழுகை வெளியே வர நேரம் பிடித்தது. அது வந்தபோது அண்ணன் அங்கே இல்லை, வண்டியும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிள்ளையின் முழங்கையை ஒரு திருப்புத் திருப்பி மடக்கினார். ஒரு நொடி வேலை. கால் மணி நேரத்தில் எலிக்குட்டி அந்தக் கையாலேயே பிஸ்கட் தின்றது. டாக்டர் வாத்திச்சியின் ஏப்ரனைப் பார்த்தபடி சொன்னார், "இந்த வயசுல மூட்டு இறுகியிருக்காதும்மா. கையைப் பிடிச்சு இழுத்தா நழுவிடும். பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தர்றதில்லையா?"

"சொல்லித் தந்தாங்க சார்" என்றாளாம்.

அண்ணி ஓடிவந்தாள். நடந்ததைக் கேட்டதும் வாத்திச்சியைக் கட்டிக்கொண்டாள். "நீ மட்டும் பிடிக்கலைன்னா என் பிள்ளையைக் கொண்டுபோயிருப்பான். தெய்வம்டி நீ" என்றாள். அன்று ஒரு பகல் மட்டும் அவள் தெய்வமாக இருந்தாள்.

பள்ளிக்குத் திரும்பியதும் பெரிய மிஸ் விபத்துப் பதிவேட்டை எடுத்து வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்த நோட்டு. கிழிக்க முடியாது, பேனாவால்தான் எழுத வேண்டும், நடந்தபோது கூட இருந்தவர்தான் எழுத வேண்டும். பெரிய மிஸ் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"வாசல்ல அத்துமீறி வந்த அப்பா கையைப் பிடிச்சு இழுத்தாரு, முழங்கை நழுவிடுச்சு. ரெண்டு வரி. எழுதிட்டு வீட்டுக்குப் போ."

வாத்திச்சி பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன? அவரு இழுக்கலையா?"

"இழுத்தாரு மிஸ். ஆனா அவரு பிடிச்சது வலது கை. நழுவினது இடது கை."

"அதை யாரு கேட்டா இப்ப?"

"நாலாவது கட்டத்துல கேட்டிருக்கு மிஸ். எந்தப் பக்கம், எப்படின்னு."

பெரிய மிஸ் நாற்காலியை நெருக்கிப் போட்டார். "இங்க பாரு. மூணு வாரத்துல மதிப்பீடு. அந்த அம்மா வந்ததும் முதல்ல இந்த நோட்டைத்தான் கேப்பாங்க. உனக்குன்னு அந்த அறையை வச்சிருக்கேன். உன் கையால அதை மூடிடாத."

அவள் எழுதினாள். பன்னிரண்டு இருபத்திரண்டு என்று மணி போட்டு எழுதினாள். அட்டையில் பெயர் இல்லாதவர் என்று தெரிந்தும் நான் குழந்தையை வாசலுக்கு அழைத்து வந்தேன். கதவைத் திறந்தது நான். தந்தை வலது கையைப் பிடித்து நடந்தார். நான் இடது கையைப் பிடித்து இழுத்தேன். இடது முழங்கையில் சத்தம் கேட்டது. கீழே தன் பெயரை எழுதினாள். என் பெயரை எழுதவில்லை. போனில் சொன்னதெல்லாம் கண்ணால் கண்டதில் சேராது என்று நினைத்தாளோ என்னவோ.

பெரிய மிஸ் படித்துவிட்டுச் சொன்னாராம், "நான் சொல்லிக் குடுத்ததை எனக்கே திருப்பி வச்சுட்டியே." அவர் கண் கலங்கியிருந்தது என்று வாத்திச்சி சொன்னாள். கலங்கின கண்ணோடுதான் மறுநாள் நிர்வாகத்தின் கடிதத்தைக் கொடுத்தார். பயிற்சி அன்றோடு முடிந்தது. பதினொரு மாதம் ஒரு வாரம் வந்து போனார் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு நாலு மழலையர் பள்ளி ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. "முடிக்க மூணு வாரந்தானே இருந்துச்சு, ஏன் நின்னீங்க?" அவள் உள்ளதைச் சொன்னாள். அப்புறம் எந்தப் பள்ளியிலிருந்தும் போன் வரவில்லை.

இதற்குள் அண்ணன் கோர்ட்டுக்குப் போய்விட்டான். அந்தப் பதிவேட்டின் நகல் அவன் வக்கீல் கைக்குப் போனது. தாய் சேர்த்த பள்ளிக்கூடத்திலேயே பிள்ளையின் கை முறிந்தது, முறித்தவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள், தகப்பன் பார்க்கத்தான் போனான் என்று வாதம். முறியவில்லை, நழுவியது என்று சொல்ல அங்கே டாக்டர் வரவில்லை. அவன் தட்டு வீசியதையும் கை நீட்டியதையும் எந்த நோட்டிலும் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் பிள்ளை அப்பாவிடம் என்று தீர்ப்பானது.

தீர்ப்பு வந்த அன்று மாலை அண்ணி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. வாத்திச்சி உள்ளிருந்து வந்தாள்.

"அந்த ஒரு வரியை எழுதாம இருந்தா உன் கை அழுகியா போயிருக்கும்?"

"அண்ணி, நான் நடந்ததைத்தானே..."

"நடந்தது! உன் அண்ணன் என்னை அடிச்சப்ப நீ அந்த வீட்டுலதானே இருந்த? அதை எந்த நோட்டுல எழுதுன? சொல்லு, எந்தப் பக்கத்துல எழுதுன?"

அண்ணி போய்விட்டாள்.

வாத்திச்சி அந்த மாலை என் வீட்டில் இருந்ததற்குக் காரணம், அண்ணன் அதற்கு முன்பே அவளை வெளியே அனுப்பியிருந்ததுதான். அவள் எழுதின வரியைக் கோர்ட்டில் காட்டிப் பிள்ளையைக் கேட்டவன், அதே வரியைச் சொல்லித்தான் துணிப்பையை வாசலில் வைத்தான். "என் பிள்ளை கையை முறிச்சவளுக்கு என் வீட்டுல இடமா?" என் சமையலறையை ஒட்டி ஒரு ஆள் படுக்கிற இடம் இருக்கிறது. கதவு கிடையாது, திரைதான். அங்கே படுக்கிறாள். தெருமுனைச் சலவைக்கடையில் துணி மடிக்கப் போகிறாள். நின்றபடி செய்கிற வேலை, முதுகுவலி இல்லை என்கிறாள்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன், "பெரிய மிஸ் சொன்ன மாதிரி ரெண்டு வரி எழுதிட்டு வந்திருந்தா என்னடி? அவனும் இழுத்தான்தானே?"

"எந்தக் கைன்னு எனக்குத் தெரியுமே அத்தை" என்றாள்.

"நான் போன் பண்ணாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"கதவைத் திறந்தது நீங்க இல்ல" என்று சொல்லிவிட்டுத் துணியை உதறிக் கொடியில் போட்டாள். என்னைத் தேற்றச் சொன்னதா, விலக்கி நிறுத்தச் சொன்னதா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் என் மகள் வீடு மாறினாள். சொந்தக்காரர்கள் சாமான் இறக்க வந்திருந்தார்கள். அது அண்ணனுடைய நாள், எலிக்குட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தான். கை நழுவி ஒரு வருடம் ஆகியிருந்தது, பிள்ளை நன்றாக வளர்ந்திருந்தது. வாத்திச்சி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். பிள்ளையின் கண்ணுக்கு நேராக முகம் வருகிற மாதிரி தரையில் உட்கார்ந்தாள். கையை நீட்டவில்லை, மடியில்தான் வைத்திருந்தாள்.

"எலிக்குட்டி."

பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டது.

"அத்தைகிட்டப் போகமாட்டேன். அத்தை இழுப்பா" என்றது.

கூடத்தில் இருந்தவர்கள் ஏதேதோ சாமானைத் தூக்க ஆரம்பித்தார்கள். அண்ணன், "நான் ஒண்ணும் சொல்லித் தரல, அவளா சொல்றா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். வாத்திச்சி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பிள்ளை அப்பா பின்னால் அடுத்த அறைக்குப் போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் புது வீட்டுக் குழாயடியில் டம்ளர் கழுவினோம். அவளே பேசினாள்.

"கையைப் பின்னால கட்டிக்கிட்டாளே அத்தை, அப்ப ரெண்டு முழங்கையும் ஒரே மாதிரி மடங்குச்சு. இடது கையில ஒரு குறையும் இல்ல."

அடுத்த டம்ளரை எடுத்து நீட்டினேன். வாங்கிக் கழுவினாள்.